சோக இசையை விலைக்கு வாங்கினால் காட்சி மனத்தைத் தொடுமா?

கேள்வி: பத்து நிமிட அனிமேஷன் குறும்படம் ஒன்றை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். அபூர்வ சக்தி பெற்ற ஒரு சிறுமி, தன்னைப் பழக்கிய பெரியவரைச் சண்டையில் பறிகொடுத்த பின், முதன்முறையாகத் தனியே பறக்கிறாள். பார்த்தவர்கள் எல்லோரும் ‘காட்சி அழகு, ஆனால் மனத்தைத் தொடவில்லை’ என்கிறார்கள். உணர்ச்சிகரமான ஆர்க்கெஸ்ட்ரா இசைத் தொகுப்பு ஒன்றை, காப்புரிமைச் சிக்கலே வராது என்ற உறுதியோடு ஒருவர் விற்க முன்வந்திருக்கிறார். அதை வாங்கிச் சேர்த்தால் குறை தீருமா?

பதில்: தீராது, வாங்காதீர்கள். உங்கள் காட்சியில் சோகம் குறைவாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சோகப்படுவதற்கு வேண்டிய நினைவு எதையும் படம் அதற்கு முன் பார்வையாளரிடம் சேர்த்து வைக்கவில்லை என்றே தோன்றுகிறது. அந்த நினைவை, பெரியவர் விழுந்து கிடக்கும் அந்த ஒரு நிமிடத்தில் எவ்வளவு வயலினைக் கொட்டினாலும் உண்டாக்க முடியாது.

படத்தின் மேல் இசை என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, முகமே இல்லாத ஒரு படத்தைப் பார்ப்போம். 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம் ஆகிய மூன்றும் ஒரு கட்டத்தைச் சுற்றி நகரும் சிறு அசைவுப் படத்தை உருவாக்கினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதில் துரத்தலையும் சண்டையையும் அச்சத்தையும் கண்டார்கள். 1988-இல் சாண்ட்ரா மார்ஷலும் அனபெல் கோஹனும் அதே படத்துக்கு இரண்டு வெவ்வேறு இசைகளைச் சேர்த்துக் காட்டியபோது, அந்த வடிவங்களைப் பற்றிய மதிப்பீடே மாறியது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. மாற்றம் மூன்று வடிவங்களின் மேலும் ஒரே அளவில் பரவவில்லை. இசையின் ஓட்டத்தோடு எந்த அசைவு ஒத்துப்போகிறதோ அதன்மேல் கவனம் செல்கிறது, இசையின் குணமும் அதன்மேலேயே படிகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். ஆகவே, திரையில் இசையோடு ஒத்துப்போக எதுவும் இல்லையென்றால், அந்த இசை எதிலும் ஒட்டாமல் தனியே ஓடிக்கொண்டிருக்கும். விலைக்கு வாங்கிய தொகுப்புக்கு நேர்வது பெரும்பாலும் இதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. நான்கைந்து சுரங்கள் கொண்ட ஒரு சிறு ‘தீம்’, அதாவது படத்தில் திரும்பத் திரும்ப வரும் ஓர் இசைத் துணுக்கை, இசையமைப்பாளரிடம் உருவாக்கச் சொல்லுங்கள். ச-விலிருந்து ப-வுக்குத் தாவும் ஓர் எடுப்பு போதும். வீரநாயகர் தீம்களில் இத்தகைய தாவல் அடிக்கடி வருவதற்கு, அது ஏறுவதைப் போலவே கேட்கிறது என்பதைத் தவிர வேறு மர்மம் இல்லை. பெரியவர் சிறுமிக்கு முதன்முதலில் கைகளை விரிக்கக் கற்றுத்தரும் காட்சியில், வேறு எந்த இசையும் இல்லாமல், ஒரே கருவியில் அது ஒலிக்கட்டும். அவர் இறக்கும் இடத்தில் அதே தீம் தொடங்கிக் கடைசிச் சுரத்துக்கு முன் நின்றுவிடட்டும். சிறுமி பறக்கும்போதுதான் அந்தக் கடைசிச் சுரம் வர வேண்டும். முடியாமல் நின்ற ஒன்றைக் காது தன்னை அறியாமலேயே எதிர்பார்த்துக் காத்திருக்கும். பார்வையாளர் கண் கலங்குவது அந்தக் காத்திருப்பு தீரும்போதுதான். பத்து நிமிடப் படத்தில் இந்த மூன்று இடங்களுக்கு மேல் அந்தத் தீம் இசையை நுழைக்காதீர்கள். வில்லனின் சண்டைக்கும் அதையே வேகமாக வாசிக்கலாமே என்று யாராவது ஆசை காட்டுவார்கள்; மறுத்துவிடுங்கள்.

காட்சிப் பக்கம், உங்களுக்கு நல்ல பாடமாக இருக்கக்கூடியது 2018-இல் வெளிவந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’. மைல்ஸ் என்ற சிறுவன் கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிக்கும் காட்சியைப் பார்த்துவிட்டுப் பலர் கற்றுக்கொள்வது, தாளம் அதிரும் ஒரு பாடலைப் போட வேண்டும் என்பதை மட்டுமே. ஆனால் அந்தக் காட்சியின் வலிமை படத்தில் வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடும் படத்தில், பழகாத மைல்ஸின் ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தி, அதாவது வினாடிக்கு 12 நிலைகளாக அசைத்தார்கள். அவன் அருகிலேயே ஆடிச் செல்லும் அனுபவசாலியான பீட்டரை ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைத்தார்கள். பார்வையாளருக்குக் கணக்கு தெரியாது. சிறுவன் தடுமாறுகிறான் என்பது மட்டும் உடலில் படும். பிறகு அவன் குதிக்கும்போது, விரல்களில் ஒட்டிய கண்ணாடி உடைந்து கூடவே வருகிறது. இன்னும் அச்சம் அவனை விடவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான படம் இல்லை. அடுத்து கேமரா தலைகீழாகத் திரும்பி, அவன் நகரத்துக்குள் விழுவதை மேலே எழுவதாகக் காட்டுகிறது. ஒலியை அணைத்துவிட்டு அந்த ஷாட்டைப் பாருங்கள். பெருமிதம் அப்போதும் அங்கே இருக்கும். உங்கள் பறக்கும் காட்சியையும் இதே முறையில் சோதியுங்கள். ஒலியில்லாமல் ஒன்றும் தோன்றவில்லையென்றால், சரிசெய்ய வேண்டியது, காட்சிகளை வரிசையாக வரைந்து திட்டமிடும் ஸ்டோரிபோர்டைத்தான்.

நிறத்தைப் பற்றி ஒரே வார்த்தை: பறக்கும் காட்சிக்கென ஒரு நிறத்தை ஒதுக்கி, அதுவரை எங்கும் அதைக் காட்டாதீர்கள்.

இறக்கும் காட்சியில் இசை எப்போது நுழைகிறது என்பது, என்ன இசை என்பதைவிட முக்கியமானது. சிறுமிக்கு நடந்தது புரிவதற்கு முன்பே வயலின் அழத் தொடங்கினால், பார்வையாளருக்கு அழும்படி ஆணையிட்டது போலாகிவிடும். முதலில் சண்டையின் இசையை முழுமையாக நிறுத்துங்கள். காற்று, துணி உரசல், சிறுமியின் மூச்சு ஆகியவை மட்டும் இருக்கட்டும். அவள் கண் இமைத்து, பெரியவரின் கை அசையவில்லை என்பதைக் கண்ட பிறகு, ஓரிரு வினாடி தாமதித்து இசை வரட்டும். அனிமேஷனில் இந்த மூச்சும் இமைப்பும் தாமாக வந்துவிடாது. நடிகரின் முகத்தில் தற்செயலாக அமைவதையெல்லாம் இங்கே ஒருவர் முடிவெடுத்து வரைந்தாக வேண்டும். அசைவே இல்லாமல் நிறுத்திவைத்த ஃபிரேம் துக்கமாகத் தெரியாது, கணினி உறைந்துபோனது போலத்தான் தெரியும். அதேபோல் ஒவ்வொரு காலடிக்கும் ஒரு தட்டு என்று இசையை அசைவோடு இறுக்கிக் கட்டினால் சோகம் கேலிக்கூத்தாகும். அழுத்தம் ஒரே இடத்தில் விழட்டும். இசையின் வேகம் நிமிடத்துக்கு 120 தாளத் தட்டு என்றால் 24 ஃபிரேம் ஓட்டத்தில் தட்டுக்கு 12 ஃபிரேம். 80 தட்டு என்றால் 18 ஃபிரேம். இந்த எண்ணை எடிட்டரும் இசையமைப்பாளரும் முதலிலேயே பகிர்ந்துகொண்டால் பின்னால் சண்டை வராது.

இனி, நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன எச்சரிக்கை. எடிட் செய்யும்போது, தற்காலிகத்துக்கு என்று யாரோ ஒருவரின் புகழ்பெற்ற படத்திலிருந்து இசையை எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். தொழிலில் இதை டெம்ப் டிராக் என்கிறோம். சில வாரங்கள் கேட்டதும் காது அதற்கே பழகி, வேறு எது வந்தாலும் தவறாகத் தோன்றும். பிறகு இசையமைப்பாளரிடம், ‘இதையே, ஆனால் வழக்கு வராத அளவுக்கு மாற்றி’ என்று கேட்பார்கள். இவ்வளவு வீரநாயகர் படங்களின் இசை ஒன்றுபோல் ஒலிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் படத்தின் டைம்லைனிலும் அப்படி ஒன்று இருக்கும் என்று ஊகிக்கிறேன். இன்றே நீக்குங்கள்.

இசைத் தொகுப்பு விற்பவரைப் பற்றி. ‘ராயல்டி-ஃப்ரீ’ என்றால், ஒருமுறை பணம் கட்டிய பின் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியே கட்ட வேண்டாம் என்று பொருளே தவிர, காப்புரிமை இல்லை என்று பொருளன்று. ஒரு துண்டு இசையில் இசையமைப்புக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை என இரண்டு உண்டு. நூற்றாண்டுகள் பழைய இசையாகவே இருந்தாலும், அண்மையில் பதிவுசெய்தவரின் உரிமை உயிரோடுதான் இருக்கும். இத்தகைய இடைத்தரகர்களில் பலர் ஏதோ ஓர் இசை நூலகத்திலிருந்து தமக்காக வாங்கியதை, மறுவிற்பனை கூடாது என்ற நிபந்தனையை மீறி உங்களுக்கு விற்கிறார்கள். இரண்டு உரிமைகளும் யாருடையவை, எந்த ஊடகங்களுக்கு, எவ்வளவு காலத்துக்கு, வெட்டி ஒட்ட அனுமதி உண்டா என்பதை எழுதிக் கையொப்பமிட்டுத் தருமாறு கேளுங்கள். வாய்ப்பேச்சில் உறுதி தருபவர் அந்தக் காகிதத்தைக் கேட்டதும் பதில் போடுவதை நிறுத்திவிடுவார். காணொளித் தளங்களின் தானியங்கி ஒப்பீடு, நீங்கள் யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பார்க்காது என்பதால், உங்கள் படத்தின்மேல் உரிமைக் கோரிக்கை விழுந்தால் விற்றவரை அது தேடிப் போகாது. நிரூபிக்கும் சுமை முழுவதும் உங்கள் தலையில் விழும், திரைப்பட விழா விண்ணப்பத்தின் கடைசி நாளோ உங்களுக்காகக் காத்திருக்காது. இந்த ஏற்பாட்டை இவ்வளவு காலமாக எல்லோரும் சகித்துக்கொண்டிருப்பதே எனக்கு வியப்பு.

படத்தை முதலில் செய், இசையைப் பிறகு சேர் என்ற வழக்கமான வரிசைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது உங்களுக்குப் பொருந்தலாம். பறக்கும் காட்சி முழுவதும் ஒரு பாடலின்மேல் ஓட வேண்டும் என்று முடிவு செய்தால், பாடலே முதலில் வர வேண்டும். அப்போதும் முழுமையாக மிக்ஸ் செய்த பாடல் தேவையில்லை. வேகமும் நீளமும் சரணங்களின் வரிசையும் இனி மாறாது என்று இசையமைப்பாளர் உறுதி சொன்ன ஒரு வழிகாட்டிப் பதிவு போதும். அதன்மேல் அனிமேட்டிக்கை, அதாவது ஸ்டோரிபோர்டுப் படங்களை நேரப்படி அடுக்கிய முன்மாதிரியை, வெட்டி, உச்சி ஷாட் எந்தத் தட்டில் விழுகிறது என்று குறித்து, அதன் பிறகுதான் அனிமேட்டர்களிடம் கொடுக்க வேண்டும். வேகம் பின்னால் நிமிடத்துக்கு இரண்டு தட்டு மாறினாலும், முப்பது வினாடிக் காட்சியின் முடிவில் அழுத்தம் ஏறக்குறைய ஒரு தட்டு அளவுக்கு விலகிப்போகும். அதைச் சரிசெய்ய, ஏற்கெனவே முடித்துவிட்ட ஷாட்களை மீண்டும் அசைக்க வேண்டியிருக்கும். பாடலில் வரிகள் இருந்தால், அந்த வரிகள் ஒலிக்கும் இடத்தில் வசனம் வைக்காதீர்கள். இரண்டு பேச்சுக்களைக் காது ஒரே நேரத்தில் பின்தொடராது. பாடல் இல்லாமல் வெறும் இசைதான் என்றால் இந்த விதிவிலக்கு உங்களுக்கு இல்லை.

பயிற்சி நிலையங்கள் ஒலியைக் கடைசிப் பருவத்தில் சில வகுப்புகளில் முடித்துவிடுகின்றன. தயாரிப்பு அட்டவணைகளும் அதே வழக்கத்தில், படம் முழுவதும் தாமதமான பிறகு மிஞ்சிய நாள்களை இசைக்குத் தருகின்றன. உங்கள் படத்தின் அட்டவணை உங்கள் கையில் இருக்கிறது. தொகுப்புக்கு எடுத்து வைத்த பணத்தை, இளம் இசையமைப்பாளர் ஒருவருக்கும் ஒரே ஒரு கருவிக் கலைஞருக்கும் கொடுங்கள். டெம்ப் டிராக் நீக்கிய அனிமேட்டிக்கை அனுப்புங்கள். கூடவே ஒரு பக்கக் குறிப்பில், தீம் ஒலிக்க வேண்டிய மூன்று இடங்களின் நேரக் குறியீடு, இசை அறவே கூடாத வினாடிகள், ஒவ்வோர் இடத்திலும் சிறுமிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது ஆகியவற்றை எழுதுங்கள். ‘இன்ன படத்தைப் போல’ என்ற சொற்றொடர் அந்தப் பக்கத்தில் எங்கும் வரக்கூடாது.