பறங்கிக்காய் எந்த ஊருக்காரரு?

இந்த வாரம் வந்த கடுதாசில பாதிக்கு மேல காய்கறி பத்திதான், அதனால சினிமா, அரசியல் எல்லாத்தையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன்.

கேள்வி: எங்க மாமியார் திவசத்துக்கு தக்காளி, பச்சமிளகா, உருளைக்கிழங்கு எதையும் சமையக்கட்டுக்குள்ள விடமாட்டாங்க. கேட்டா "அதெல்லாம் இங்கிலீஷ் காய்"ங்குறாங்க. தக்காளி எப்படிங்க இங்கிலீஷ் காயாகும்? (கும்பகோணத்துலேர்ந்து ஒரு வாசகி)

உங்க மாமியார் சொல்றதுல "இங்கிலீஷ்"ங்கற வார்த்தை மட்டுந்தான் இடிக்குது, மத்ததெல்லாம் கரெக்ட். தக்காளியோட காட்டுச்செடி தென்னமெரிக்காவுல மேற்குப் பக்கமா இருக்கற ஆண்டீஸ் மலையோரம் மொளைச்சது, அதை ஒழுங்கா பயிர் பண்ணி பெருசாக்குனது மெக்சிகோக்காரங்க, டொமாட்டோங்கற பேரே அங்க பேசுற நவாட்டில் பாஷையில "டொமாட்டில்"னு இருந்ததுலேர்ந்து வந்ததுதான். உருளைக்கிழங்கு பெரு, பொலிவியா ரெண்டுக்கும் நடுவுல இருக்கற டிட்டிகாகா ஏரிப் பக்கத்து ஆளு. மிளகா மறுபடியும் மெக்சிகோ. 1492-ல கொலம்பஸ் கப்பல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ற வரைக்கும் இந்த மூணையும் ஐரோப்பாவுலயே ஒருத்தரும் கண்ணால பார்த்ததில்ல, அப்புறம் கும்பகோணத்துல எங்க பாக்கறது. போர்ச்சுகீசியர் 1498-ல கோழிக்கோட்டுல வந்து எறங்குனாங்க, 1510-ல கோவாவைப் பிடிச்சாங்க, அவங்க கப்பல்லதான் இதுல பலதும் நம்ம கரைக்கு வந்துச்சு. அப்புறம் ஏன் இங்கிலீஷ்னு பேருன்னா, வெள்ளக்காரங்க ஊட்டில குடியேறுனப்ப தங்களோட சாப்பாட்டு மேசைக்காக உருளை, கேரட், கோஸ்னு பயிர் பண்ண ஆரம்பிச்சாங்க, 1819-ல நீலகிரிக்குப் போன கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இதுல முன்னாடி நின்னவர். மலையிலேர்ந்து மூட்டை மூட்டையா எறங்குனதையெல்லாம் ஜனங்க மொத்தமா இங்கிலீஷ் காய்னு சொல்லிட்டாங்க.

இப்ப அந்த திவச இலைய நெனச்சுப் பாருங்க. வாழைக்காய்ல மிளகு சீரகம் அரைச்சு விட்டிருப்பாங்க, புடலங்காய் கூட்டு, அவரைக்காய், கொத்தவரங்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல். காரத்துக்கு மிளகு, புளிப்புக்கு மோரு இல்லாட்டி மாங்கா. 500 வருஷத்துக்கு முன்னாடி ஒரு தஞ்சாவூர் வீட்ல என்ன சமைச்சிருப்பாங்கன்னு யாராவது கேட்டா மியூசியத்துக்கெல்லாம் போக வேணாம், வருஷத்துக்கு ஒருநாள் உங்க வீட்டு இலைலயே அதுல பெரும்பகுதி இருக்கு. "பாகல் நூறு, பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு"ன்னு ஒரு கணக்கு கேட்டிருப்பீங்க, அதாவது பாகற்காய் ஒண்ணு வச்சா நூறு காய் வச்ச மாதிரி. விஸ்வாமித்திரர் 1008 காய் வேணும்னு அடம் பிடிக்க, வசிஷ்டர் சம்சாரம் அருந்ததி இந்த மூணோட இன்னும் எட்டு காய் வச்சு கணக்க நேர் பண்ணிட்டாங்கன்னு கதை. அந்த மூணுல ஒண்ணுகூட கப்பல்ல வந்தது இல்ல பாருங்க. பூரி ஜகன்னாதர் கோயில் மடப்பள்ளியிலயும் இதே கதைதான், இன்னைக்கும் உருளை, தக்காளி, மிளகா உள்ள போகாது.

ஆனா சட்டம் அவ்ளோ சுத்தமாவும் இல்லம்மா, அதையும் சொல்லிடறேன். கத்தரிக்காய், முருங்கக்காய் ரெண்டும் நம்ம மண்ணுதான், இருந்தாலும் பல வீட்ல திவசத்துக்கு ஆகாது. சக்கரவள்ளிக் கிழங்கு தென்னமெரிக்கா, அது சில வீட்ல தாராளமா இலையில உக்காந்திருக்கு. சக்கரன்னும் வள்ளின்னும் பேர் வச்சுக்கிட்டு நம்மாளு மாதிரியே உள்ள பூந்திருச்சு. உங்க வீட்டு லிஸ்ட்ல இருக்கான்னு பாத்து எழுதுங்க, ஆனா மாமியார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

கேள்வி: பறங்கிக்காய்ல பறங்கின்னா வெள்ளக்காரனா? எங்க ஊர்ல நாட்டுக்காய் கடையிலதானே வச்சு விக்கிறாங்க? (சிதம்பரம் வாசகர்)

அவனேதான். சென்னை ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல இருக்கற பறங்கிமலையில என்ன பறங்கியோ அதே பறங்கி. ஐரோப்பாவுல ஃப்ராங்க்னு ஒரு கூட்டம், அதை அரபுக்காரங்க இஃப்ரஞ்ச்னாங்க, பாரசீகத்துல ஃபரங்கி ஆச்சு, நம்மகிட்ட வந்து பறங்கி. காயோட சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவுல ஓஹாகாங்கற பக்கம் ஒரு குகையில இதோட பங்காளி வகை ஒண்ணோட விதை கெடைச்சது, சுமார் 10,000 வருஷம் பழசு.

போன வாரம் எங்க தெருமுனை கடையிலயும் இதையேதான் பார்த்தேன். இடது பக்கம் பிளாஸ்டிக் ட்ரேல கேரட், பீன்ஸ், பீட்ரூட், சௌசௌ அடுக்கி இருக்கு, வலது பக்கம் சாக்கு விரிச்சு அதுல புடலை, பீர்க்கன், கொத்தவரை, நடுவுல வெட்டி வச்ச பறங்கிக் கீத்து மஞ்சளா ஜம்முனு உக்காந்திருக்கு. கடைக்கார அண்ணாச்சிகிட்ட "இது எந்த ஊரு காய்ண்ணே"ன்னேன், "நாட்டுக்காய் சார், பொங்கலுக்கு இது இல்லாம கூட்டா"ன்னாரு. பேர்லயே பறங்கின்னு நெத்தில ஒட்டியிருக்கு, யார் கண்ணுக்கும் படல!

இந்த மாதிரி பேர்லயே பாஸ்போர்ட் வச்சிருக்கற காய் நெறைய இருக்குங்க. மிளகா இருக்கே, அது மிளகு மாதிரி காரமா இருக்கற காய், அவ்ளோதான் அர்த்தம். கொலம்பஸ் மிளகத் தேடித்தான் கெளம்புனாரு, கெடைச்சது மிளகா, அதையும் மிளகுப் பேராலயே கூப்பிட்டாங்க, கடலுக்கு இந்தப் பக்கம் நாமளும் யாரும் சொல்லிக் குடுக்காம அதையே பண்ணிருக்கோம். இலங்கையில மட்டக்களப்புப் பக்கம் மிளகாய கொச்சிக்காய்னுவாங்க, கொச்சியிலேர்ந்து வந்த காய். தக்காளிங்கற சொல்லு நம்மகிட்ட முன்னாடியே இருந்துச்சு, மணத்தக்காளி இருக்குல்ல, அதனால புதுசா வந்தத சீமைத்தக்காளின்னாங்க, காலப்போக்குல சீமை உதிர்ந்து போச்சு. சௌசௌவ பெங்களூர் கத்தரிக்காய்னு சொல்றவங்க உண்டு, அதுக்கும் கத்தரிக்கும் சம்பந்தமே இல்ல, பூர்வீகமும் மெக்சிகோ பக்கம். விழுப்புரம் கடலூர்ல வேர்க்கடலய மல்லாட்டைம்பாங்க, பிரிச்சா மணிலாக்கொட்டை, அதாவது பிலிப்பைன்ஸ் மணிலா, ஆனா கடலை அங்கயும் பொறக்கல, அதுவும் தென்னமெரிக்காதான். எந்த ஊரு வழியா வந்துச்சோ அந்த ஊர் பேர ஒட்டி விட்டுட்டு வேலயப் பாக்கப் போய்ட்டாங்க நம்ம ஆளுங்க.

கேள்வி: எல்லாமே வெளியூருன்னா நாம ஒலகத்துக்குக் குடுத்த காய்னு ஒண்ணுமே இல்லியா சார்? (திருநெல்வேலியிலேர்ந்து ஒரு கல்லூரி மாணவர்)

ஏன் தம்பி இவ்ளோ சோகம்? வெள்ளரி இமயமலை அடிவாரத்துச் சரக்கு. மிளகு மேற்குத் தொடர்ச்சி மலை. கத்தரிக்காய் நம்ம பக்கத்து ஆசியாக் காய், அதோட பேரு பண்ணுன பயணம் இருக்கே, அதுக்கே தனியா ஒரு பக்கம் வேணும். தமிழ்ல பழைய பேரு வழுதுணங்காய், வரகரிசிச் சோத்தோட அதைச் சாப்பிட்டத ஔவையார் தனிப்பாட்டுலயே பாடிருக்காங்க. வடமொழியில வாதிங்கண, அது பாரசீகத்துல பாதிங்கான், அரபில அல்-பாதிஞ்சான், அரபுக்காரங்க ஸ்பெயினுக்குக் கொண்டு போக அங்க பெரென்ஹேனா, போர்ச்சுகல்ல பெரிஞ்செலா, பிரெஞ்சுக்காரங்க வாயில ஓபெர்ஜின். போர்ச்சுகீசியர் அந்தப் பேரத் தூக்கிட்டு திரும்ப நம்ம ஊருக்கே வர, இங்க இருந்த வெள்ளக்காரங்க அதைப் பிடிச்சு பிரிஞ்சால்னாங்க, நாமளும் ஸ்கூல்ல "பி ஃபார் பிரிஞ்சால்"னு படிச்சோம். கெளம்புன எடத்துக்கே அடையாளம் தெரியாம வந்து சேந்திருக்கு. இத்தாலியில இது பேரு மெலன்சானா, அதை "பைத்தியக்கார ஆப்பிள்"னு அர்த்தம் பண்ணிக்கிட்டு தின்னா புத்தி கெட்டுரும்னு ரொம்ப நாள் பயந்துட்டு வேற இருந்தாங்க.

முருங்கையும் அப்படித்தான். வடக்க இமயமலை அடிவாரத்து மரம், ஆனா விஞ்ஞானப் பேர்ல இருக்கற "மொரிங்கா" நம்ம முருங்கைலேர்ந்து போனது. கொல்லைல சும்மா பறிச்சத மொரிங்கா பவுடர்னு டப்பால அடைச்சு என்ன வெலைக்கு விக்கிறாங்கன்னு ஆன்லைன்ல பாருங்க, அப்பத்தான் உண்மையான சோகம் வரும்.

கேள்வி: ஜவ்வரிசி எந்தச் செடில காய்க்குது? வீட்ல பந்தயம். (சேலம் வாசகி)

சேலத்துல இருந்துகிட்டு இந்தக் கேள்வியா! எதுலயும் காய்க்காதும்மா, பந்தயம் கட்டுன ரெண்டு பேரும் தோத்தாச்சு. மரவள்ளிக் கிழங்க அரைச்சு, பால் எடுத்து, மாவு அடியில தங்குனதும் அதை உருண்டையா உருட்டி வறுத்துக் காயவைக்கறதுதான் இப்ப நம்ம ஜவ்வரிசி. ஒரிஜினல் ஜவ்வரிசி வேற, மலேயா, இந்தோனேசியாப் பக்கம் சாகோன்னு ஒரு பனை உண்டு, அதோட தண்டுக்குள்ள இருக்கற சோத்துலேர்ந்து எடுக்கறது. ரெண்டாம் உலகப் போர்ல கப்பல் வராம போக, 1940-கள்ல சேலத்துக்காரங்க மரவள்ளிய வச்சு அதே மாதிரி செஞ்சு பார்த்தாங்க, பிடிச்சுக்கிச்சு.

மரவள்ளியோட தாய்வீடு பிரேசில் பக்கம். கேரளாவுக்கு போர்ச்சுகீசியர் மூலமா வந்துச்சு, ஆனா அத ஜனங்க சாப்பாடா ஆக்குனதுல 1880-லேர்ந்து 1885 வரைக்கும் ஆண்ட திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாளுக்குப் பெரிய பங்கு. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவப் பிடிச்சு அங்கேர்ந்து வந்துட்டிருந்த அரிசி நின்னப்ப கேரளாவுல ஏகப்பட்ட குடும்பத்த இந்தக் கிழங்குதான் காப்பாத்துச்சு. ஒரே ஒரு விஷயம், பச்சையா கடிக்கவே கூடாது, அதுல சயனைடு ஆகக்கூடிய சரக்கு இருக்கு, தோல் உரிச்சு நல்லா வேகவச்சு அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டிருங்க, கசந்துச்சுன்னா தூக்கிப் போட்டுருங்க.

கேள்வி: கேரட்டுக்கு ஆரஞ்சு கலர் வந்தது நெதர்லாந்து ராஜகுடும்பத்துக்கு மரியாதையாமே? (ஈரோடு)

வாட்ஸப்பா? கேரட் மொதல்ல ஆப்கானிஸ்தான் சுத்துவட்டாரத்துல ஊதாவும் மஞ்சளுமா இருந்துச்சு, ஆரஞ்சு ரகத்த டச்சுக்காரங்க 17-ஆம் நூற்றாண்டு வாக்குல நல்லா தேத்துனாங்க, இது வரைக்கும் சரி. ராஜாவுக்காகப் பண்ணாங்கங்கறதுக்கு அந்தக் காலத்து ஆதாரம் ஒண்ணும் கெடையாது.

கேள்வி: முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், நூக்கல் மூணும் வேகும்போது ஒரே வாசனை வருதே, ஏன்? (ஒசூர்)

மூணும் ஒரே செடிங்க, ஐரோப்பாவுல கடலோரமா வளந்த ஒரு காட்டுக் கீரை. இலை உருண்டையா மூடிக்கறதா பார்த்துப் பார்த்து விதை எடுத்தவங்களுக்குக் கோஸ், பூ பெருத்தத எடுத்தவங்களுக்குக் காலிஃப்ளவர், தண்டு உப்புனத எடுத்தவங்களுக்கு நூக்கல். புரோக்கோலியும் இதே குடும்பம், வெலைதான் வேற. நூக்கல்ங்கறது நூல்கோல்லேர்ந்து, நூல்கோல் டச்சுக்காரன் சொன்ன "க்னோல்கோல்"லேர்ந்து, முண்டு முண்டா இருக்கற கோஸ்னு அர்த்தம். மூணையும் ஒரே குக்கர்ல போட்டுறாதீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க கேஸ் லீக்குன்னு வந்து கதவத் தட்டுவாங்க.