ஸ்போர்ட்ஸ் கார் சுற்றுலாவுக்காக வைப்பை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. கிளிநொச்சியில் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா என்று படம் எடுப்பதுதான் தொழில். ஜேர்மனியில் இருக்கும் மச்சான் ஒரு குழுச் சுற்றுலாவைப் பற்றிச் சொன்னார். மியூனிக்கில் தொடங்கி ஒஸ்திரியா, இத்தாலி மலைப்பாதைகளில் ஆறு நாட்கள், 900 கிலோமீற்றர். கூடவே வரும் வழிகாட்டி படம் எடுக்கவும் கற்றுத் தருவார். இரண்டு பேருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார். மாறி மாறி ஓட்டலாம்; எனக்கு ஓட்டத்தான் ஆசை. ஓட்டுபவருக்கு 4,600 யூரோ, ஓட்டாமல் கூடப் போகிறவருக்கு 2,900 யூரோ. விமான டிக்கெட்டை மச்சான் எடுத்துத் தருவார். வரும் ஜூன் நடுவில் பயணம். அந்த வாரம் கேட்டு வந்த இரண்டு திருமணங்களை நண்பரிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். ஒரு நிதி நிறுவனத்தில் 18 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு இருக்கிறது; நவம்பரில் முதிரும். அதை உடைப்பதா? அல்லது மனைவியின் நகையை அடகு வைத்து, 5 இலட்சம் சீட்டையும் கழிவு கொடுத்து எடுப்பதா? இந்தப் பயணப் படங்களைக் காட்டினால் வெளிநாட்டுக் குடும்பங்களின் வேலை கூடுதலாக வரும் என்று நினைக்கிறேன்.

பதில்: தம்பி, போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. எதை உடைத்துக்கொண்டு போவது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆசையை ஒளித்துக்கொண்டு 'முதலீடு' என்று எழுதாமல், கார் ஓட்ட வேண்டும் என்பதை நேராகவே சொன்னது பிடித்திருந்தது. ஆனால் கடைசி வரியில் முதலீடு மெல்ல எட்டிப் பார்க்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், விலைப்பட்டியலில் நீங்கள் கூட்டாமல் விட்டவற்றைக் கூட்டுவோம். யூரோ 350 ரூபாய் என்ற உங்கள் கணக்கையே வைத்துக்கொண்டால் 4,600 யூரோ 16 இலட்சத்து 10 ஆயிரம். ஜேர்மனி, ஒஸ்திரியா, இத்தாலி மூன்றுக்கும் பொதுவான ஷெங்கன் வீசாவின் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்புறுதி இல்லாமல் அந்த வீசா கிடைக்காது. கொழும்புக்குப் போய் வருவது, கைச்செலவு எல்லாம் சேர்த்து ஓர் இலட்சம் வையுங்கள். இனி அந்த இரண்டு திருமணங்கள். ஒன்றுக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம் வாங்குவதாகக் கடிதத்தின் இன்னோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆக, கையைவிட்டுப் போவது 2 இலட்சத்து 40 ஆயிரம். மொத்தம் பத்தொன்பதரை இலட்சம். ஆறு நாள்.

இதில் கார் ஓட்டுவதற்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தீர்களா? இரண்டு கட்டணங்களுக்கும் இடையே 1,700 யூரோ வித்தியாசம், அதாவது 5 இலட்சத்து 95 ஆயிரம் ரூபாய். 900 கிலோமீற்றரை இரண்டு பேர் பங்கிட்டால் உங்கள் கையில் ஸ்டியரிங் இருப்பது 450 கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு 1,300 ரூபாய்க்கு மேல். கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதியில் வவுனியாவுக்குப் போக ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபாய் கேட்கும் வாகனம் இது. முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்க நிறுத்தினால் அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் காசு.

அதற்காக ஓட்டவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்தப் பாதைகள் அப்படிப்பட்டவை. ஒஸ்திரியாவின் குரொஸ்குளொக்னர் மலைப்பாதை 1935இல் திறக்கப்பட்டது. 48 கிலோமீற்றர் நீளம், 36 பெரிய வளைவுகள், ஏறிப்போகக் கட்டணம். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வடக்குப் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். வன்னியில் நாம் வாகனம் ஏற்றும் மிக உயரமான மேடு குளக்கட்டுதான். அங்கே இடது பக்கம் ஸ்டியரிங், வலது பக்கம் ஓட்டம், ஒவ்வொரு வளைவிலும் எதிரே மோட்டார் சைக்கிளோ பஸ்ஸோ வரும். இதையெல்லாம் முதன்முதலில், உங்களுடையதல்லாத ஒரு விலையுயர்ந்த காரில் பழகப் போகிறீர்கள்.

இங்கேதான் காசு விடயத்தில் என்னை உண்மையாகப் பயமுறுத்துவது இருக்கிறது. சுற்றுலாக்காரர் அனுப்பிய நிபந்தனைகளை நீங்கள் இணைத்திருந்தீர்கள். காருக்கு முழுக் காப்புறுதி உண்டு என்று முதல் பக்கத்தில் பெரிதாக இருக்கிறது. சேதம் ஏற்பட்டால் முதல் 2,500 யூரோ ஓட்டுநரின் பொறுப்பு என்று நான்காம் பக்கத்தில் இருக்கிறது. 8 இலட்சத்து 75 ஆயிரம் ரூபாய்! அந்தத் தொகையைப் பயணம் முடியும்வரை உங்கள் கடனட்டையில் தடுத்துவைப்பார்கள். உங்கள் அட்டையின் எல்லை அவ்வளவு இருக்கிறதா? டயர், சில்லு, கண்ணாடி, காரின் அடிப்பாகம் ஆகியவை காப்புறுதிக்குள் வருகின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் இவைதான் வெளியே நிற்கும். உடன் ஓட்டும் ஆள் இடித்தாலும் யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். காரில் நீங்கள் இருவர்.

பல ஆண்டுகளுக்கு முன் அக்காவைப் பார்க்க ஜேர்மனி போனபோது நான் ஒரு சின்னஞ்சிறு காரை வாடகைக்கு எடுத்தேன். கடை வாகனத் தரிப்பிடத்தில் திருப்பும்போது வலது பக்கச் சில்லு நடைபாதைக் கல்லில் உரசியது. அம்மிக்கல்லில் கத்தி தீட்டுவதுபோல ஒரு சத்தம், இரண்டு விநாடிதான். இறங்கிப் பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அக்கா துணியால் துடைத்துப் பார்த்தார். கீறல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கொழும்பு திரும்பி மூன்று வாரம் கழித்து என் அட்டையில் 480 யூரோ கழிந்திருந்தது. அதுவோ மரக்கறி வாங்கப் போகிற கார்.

வைப்பா, நகையா என்ற கேள்விக்கு: இரண்டும் வேண்டாம். வன்னியில் நகை என்றால் வெறும் அலங்காரம் இல்லை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வோர் இடப்பெயர்விலும் மடியில் கட்டிக்கொண்டு ஓட முடிந்த ஒரே வங்கி அதுதான். உங்கள் கடிதத்தில் மனைவியின் சம்மதம் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதையும் கவனித்தேன். வைப்பை நவம்பருக்கு முன் உடைத்தால் ஒப்புக்கொண்ட வட்டி கிடைக்காது, குறைத்துத்தான் தருவார்கள். அதைவிட முக்கியம், அந்த 18 இலட்சம் உங்கள் ஸ்டூடியோவின் உயிர். கமரா ஒன்று திருமண மேடையில் கைவிட்டால் அடுத்த நாளே இன்னொன்று வாங்க இருக்கும் பணம் அது.

போகிற போக்கில் இன்னொன்று. வங்கியைவிட வட்டி சற்றுக் கூட என்பதற்காக 18 இலட்சத்தையும் ஒரே நிதி நிறுவனத்தில் போட்டிருக்கிறீர்கள். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான் ஈடு தரும். நவம்பரில் முதிர்ந்ததும் இரண்டாகப் பிரித்து வேறு வேறு இடங்களில் போடுங்கள். சுற்றுலா போனாலும் போகாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

இனி அந்த 'முதலீடு'. அல்ப்ஸ் மலைப் படங்களைக் காட்டினால் வெளிநாட்டுக் குடும்பங்கள் உங்களைத் தேடி வருமா? சூரிச்சிலும் மியூனிக்கிலும் இருப்பவர்களுக்கு அந்த மலை வாரக் கடைசியில் பார்க்கிற மலை. ஆடி, ஆவணி விடுமுறையில் அவர்கள் இங்கே வந்து உங்களைப் பிடிப்பது, சங்குப்பிட்டிப் பாலத்தில் எந்த நேரம் காற்று சேலையைத் தூக்கும், இரணைமடுக் குளக்கட்டில் எந்தப் பக்கம் நின்றால் வெயில் முகத்தில் விழும் என்பது உங்களுக்குத் தெரியும் என்பதால்தான். உங்கள் அல்பத்தில் நான் பார்த்தவரை குறைவது மலை இல்லை, ஓடும் வாகனம். மாப்பிள்ளை வரும் கார் எல்லாப் படத்திலும் நிறுத்திவைத்த காராகவே இருக்கிறது. அந்த வித்தையைக் கற்க இத்தாலி தேவையில்லை. பூநகரிப் பக்கம் ஏ-32 வீதியில் ஆளரவம் குறைந்த காலை நேரத்தில் நண்பரை மோட்டார் சைக்கிளில் அளவான வேகத்தில் ஓடவிட்டு, வீதியைவிட்டுத் தள்ளி நின்று, ஷட்டர் வேகத்தை 1/40 விநாடிக்கு இறக்கி, கமராவை அவரோடு சேர்த்துத் திருப்பிப் பழகுங்கள். நூறு படத்தில் நான்கு சரியாக வரும். பெற்றோல் செலவு மட்டும்தான்.

ஆகவே இந்தப் பயணத்தை முழுக்க முழுக்கச் சந்தோஷச் செலவு என்றே எழுதுங்கள். சந்தோஷத்துக்குச் செலவழிப்பதில் தவறில்லை. அதற்கென்று சேர்த்த காசில் செலவழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் யோசனை இது. இந்த ஜூனை விடுங்கள். அடுத்த ஆண்டு செப்டெம்பர் கடைசியில் போங்கள், ஓட்டாதவர் கட்டணத்தில். ஏன் செப்டெம்பர்? ஜூன் நடு என்றால் நமக்கு வைகாசியும் ஆனியும் சந்திக்கும் இடம், முகூர்த்த நாட்கள் கிடக்கும். செப்டெம்பர் கடைசி புரட்டாதி. சைவக் கல்யாணம் ஒன்றும் வராது. உங்கள் கமரா எப்படியும் சும்மா இருக்கும் மாதம் அது. உயர்ந்த கணவாய்கள் பனிக்காலத்தில் மூடப்பட்டாலும் செப்டெம்பரில் வழக்கமாகத் திறந்தே இருக்கும். படம் எடுக்கிறவருக்கு இன்னொரு இலாபமும் உண்டு. ஜூனில் அங்கே சூரியன் ஐந்தரை மணிக்கு முன்பே எழுந்து இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் மறைகிறது. நல்ல வெளிச்சம் இருக்கும் இரண்டு நேரத்திலும் ஒன்றில் நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள், அல்லது குழு இராச்சாப்பாட்டில் இருக்கும். பகல் முழுவதும் ஓட்டம். காரும் கமராவும் ஒன்றாக வரும் சுற்றுலாக்களின் பெரிய குறை இது. செப்டெம்பர் கடைசியில் விடிவது ஏழு மணிக்கு, மறைவதும் ஏழு மணிக்கு. கமராவுக்கும் நேரம் கிடைக்கும்.

ஓட்டாத இருக்கை 2,900 யூரோ, 10 இலட்சத்து 15 ஆயிரம். வீசா, காப்புறுதி, கைச்செலவுக்குக் கொஞ்சம் கூட்டியே வைத்தால் பதினொன்றரை இலட்சம் வரும். கையில் 20 மாதம் இருக்கிறது. சீட்டைக் கழிவு கொடுத்து இப்போது எடுக்காமல் கடைசிவரை விட்டால் 5 இலட்சமும் குறையாமல் வரும். 17 மாதம்தான் மீதி என்கிறீர்கள், பயணத்துக்கு முன்பே முடிந்துவிடும். சீட்டுப் பிடிப்பவர் உங்கள் சொந்தச் சின்னம்மா என்பதால் இதைத் துணிந்து சொல்கிறேன். வேறு யாராவது என்றால் யோசித்திருப்பேன். மாதம் 30,000 தனியாக ஒதுக்கினால் இன்னும் 6 இலட்சம். குறைவது ஐம்பதாயிரம், ஓர் ஆவணி முகூர்த்தம் அதைத் தீர்த்துவிடும். ஓட்டும் ஆசைக்கு, மச்சானோடு ஒரு மணி நேரம் பயிற்றுநர் பக்கத்தில் இருக்க ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். ஜேர்மனியில் அப்படிக் கொடுக்கிற இடங்கள் உண்டு. முழுச் சுற்றுலாவுக்கு 1,700 யூரோ கூட்டிக் கொடுப்பதற்கு முன், பயிற்றுநரின் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கே விடை தெரிந்துவிடும். மகியங்கனையில் இருந்து கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவுப் பாதையில் ஒரு வானை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். ஓட்டுவதானால் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். இங்கே அதை இலங்கை மோட்டார் வாகனச் சங்கத்தில் எடுக்கலாம்.

யூரோ இதே விலையில் நிற்கும் என்று நம்ப வேண்டாம். 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் உங்களுக்கு யூரோவிலும் பிராங்கிலும் காசு தருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சந்தியில் மாற்றாமல், வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்று திறந்து அதிலேயே போட முடியுமா என்று முகாமையாளரிடம் கேளுங்கள். எந்தப் பணத்தை எந்தக் கணக்கில் இடலாம் என்பதற்கு விதிகள் உண்டு, பற்றுச்சீட்டுகளோடு போங்கள். யூரோவில் சேர்த்த காசுக்கு ரூபாய் விழுந்தாலும் கவலையில்லை.

சுற்றுலாக்காரருக்கு முற்பணம் அனுப்புவதற்கு முன், வீசா மறுக்கப்பட்டால் அது திரும்புமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். 90 யூரோ எப்படியும் திரும்பாது. ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே கொடுக்கலாம், அவ்வளவு முந்திக் கொடுத்துவிடுங்கள். உங்கள் வங்கிக் கணக்கில் மாதாமாதம் காசு வந்து போன தடம் தெரிய வேண்டும். விண்ணப்பத்துக்கு முதல் வாரம் மச்சான் அனுப்பிய 5 இலட்சம் திடீரென்று வந்து விழுந்திருந்தால், அதிகாரி அதைத்தான் முதலில் கேட்பார். இன்றைக்குத் திருமணக் காசில் பாதியை மேசை லாச்சியிலேயே வைத்துச் செலவழிக்கிறீர்கள். அடுத்த முகூர்த்தத்திலிருந்து முழுவதையும் கணக்கில் போட்டுப் பிறகு எடுங்கள்.

கமராக்களைக் கொண்டு போவதானால் இன்னொரு சின்ன விடயம். சாதாரணப் பயணக் காப்புறுதி ஒரு பொருளுக்குக் கொடுக்கும் உச்சத் தொகை பெரும்பாலும் ஒரு லென்ஸின் பாதி விலைக்குக்கூடக் காணாது. தொழிலுக்குப் பாவிக்கும் கருவி என்றால் சில நிறுவனங்கள் ஒன்றுமே தராது. இரண்டு கமராவும் நான்கு லென்ஸும் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டு, ஒரு கமராவும் ஒரு லென்ஸும் எடுத்துப் போங்கள். மற்றக் கமராவை நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போனால், நீங்கள் இல்லாத வாரத்தில் பூப்புனித நீராட்டு விழா ஒன்று வந்தாலும் ஸ்டூடியோ பெயரில் அவர் எடுத்துக் கொடுப்பார்.