அப்பாவுக்குக் குளியலறை வாசலில் கால் ஒட்டிக்கொள்வது பற்றி

பார்க்கின்சன் நோயுள்ள அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறார், குளியலறை வாசலில்தான் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, அதனால் கையைப் பிடித்து இழுக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். இழுக்கவே இழுக்காதீர்கள், உடம்பு முன்னே வரும், பாதம் அங்கேயே நிற்கும், விழுந்துவிடுவார்.

காலில் பலம் இல்லாமல் அல்ல. பார்க்கின்சனில், மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைவதால், 'கிளம்பு' என்று மூளையின் பேசல் கேங்லியா (அசைவைத் தொடங்க உதவும் உட்பகுதி) தானாகத் தரவேண்டிய உந்துதல் தடுமாறுகிறது. கண்ணால் பார்த்து அடிவைப்பதற்கு மூளை வேறு பாதையையும் பயன்படுத்தும். அதனால்தான் வாசலில் கால் ஒட்டி நிற்பவர்கூட, படிகள் கண்ணுக்குத் தெரியும் மாடிப்படியில் சரசரவென்று ஏறிவிடுவதுண்டு!

வாசலுக்கு இருபுறமும் பளிச்சென்ற டேப்பை, அவர் எடுத்துவைக்கும் ஒரு காலடி தூரத்துக்கு ஒன்றாகக் குறுக்கே ஒட்டுங்கள். டேப்பின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. கால் ஒட்டினால் நிமிர்ந்து நிற்கட்டும். எடையை இடமும் வலமுமாக மாற்றி, மூன்று எண்ணி, கோட்டைத் தாண்டட்டும். அந்நேரம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

அடுத்த லெவோடோபா (டோபமைனை ஈடுகட்டும் மாத்திரை) வேளை நெருங்கும்போதுதான் கால் ஒட்டுவது அதிகமா? ஒரு வாரம், ஒட்டும் நேரங்களைக் குறித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்ட வேண்டாம்.