வளவு இருக்கிற வீட்டில் நடை இயந்திரம் எதற்கு?

கேள்வி: வணக்கம் ஆச்சி. எனக்கு வயது 38. காரைக்குடியில் குடியிருக்கிறோம், தேவகோட்டையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. மகள் ஆறாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. காலை ஐந்தரைக்கு எழுந்தால் எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்கும்வரை நிற்க நேரமில்லை. மாலை வீடு திரும்ப ஏழாகிவிடும். கணவர் கடையை அடைத்துவிட்டு வர ஒன்பதரை. அவருடன் சாப்பிட்டு, அடுப்படியை ஒழித்துப் படுக்கப் பதினொன்று. அண்மையில் ஒரு மருத்துவ முகாமில் பார்த்தபோது எச்பிஏ1சி 5.9 என்றும், இது சர்க்கரைக்கு முந்தைய நிலை, எடையைக் குறையுங்கள் என்றும் சொன்னார்கள். ஜிம்மில் மூன்று மாதத்துக்குப் பணம் கட்டிப் பதினொரு நாள் போனேன். ட்ரெட்மில் வாங்கி வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் போட்டோம். இப்போது அதில் துணி காய்கிறது. ஓட்ஸ் வாங்கினேன், பிள்ளைகள் தொடவில்லை, மாமியாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கென்று தனியாகச் சமைக்கவும் முடியவில்லை. ஐந்து பேருக்கு மாதம் ஏழு லிட்டர் எண்ணெய் ஆகிறது. எங்கே தொடங்குவது? காலை நாலரைக்கு எழட்டுமா?
– பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: அன்புத் தங்கைக்கு, வேண்டாம். நாலரைக்கு எழவே வேண்டாம்.

பதினொன்றுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால் ஆறரை மணி நேரத் தூக்கம். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தேவை. அதிலிருந்தும் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கி நடக்கப் போனால், குறைந்த தூக்கமே பசியைக் கூட்டும். இன்சுலினையும் சரியாக வேலை செய்யவிடாது. வலது கையில் வாங்கி இடது கையில் கொடுக்கிற கதைதான். "கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் முடியாதா?" என்று பெண்களிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் காலையில் காப்பியைக் கையில் வாங்கிக் குடிப்பவர்களாகவே இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்த 5.9. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் இரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதைக் காட்டும் எண் அது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை, 6.5 முதல் சர்க்கரை நோய். நீங்கள் வாசற்படியில்தான் நிற்கிறீர்கள், இன்னும் உள்ளே நுழையவில்லை. இரும்புச்சத்துக் குறைவால் சோகை இருந்தால் இந்த எண் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே மருத்துவரைப் பார்த்து, ஹீமோகுளோபினையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மிஞ்சிய மூச்சிரைப்போ இருந்தால் நான் கீழே சொல்வதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலில் அவரிடம் போங்கள்.

எடை குறையவில்லை என்று மனம் விட்டுப் போயிருப்பது கடிதத்தில் தெரிகிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்களைப் போல் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு, சிலரை வழக்கம்போல் விட்டுவிட்டார்கள். சிலருக்கு நடையையும் உணவு மாற்றத்தையும் பழக்கினார்கள். மூன்று ஆண்டுகளில், விட்டுவிட்டவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. பழக்கியவர்களில் 39 பேருக்கு. இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று: அப்படிப் பழகியவர்களுக்கு எடை ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆகவே எடை பார்க்கும் இயந்திரத்தோடு சண்டை போடாதீர்கள். தையல் டேப்பை எடுத்துத் தொப்புளை ஒட்டி இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போனால் கவனம் தேவை. மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

இப்போது அந்த ட்ரெட்மில். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, தங்கை. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று வீடு கட்டிய ஊர் நம்முடையது. இரண்டாங்கட்டு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வளவும், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய கட்டும், இருக்கும். அவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் நடக்க ஒரு இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்களே!

நான் எப்படி நடக்கிறேன் என்று சொல்கிறேன். எங்கள் வளவின் நடுமுற்றத்தைத் தாழ்வாரத்தோடு ஒரு சுற்றுச் சுற்றினால் 64 காலடி. நிமிடத்துக்கு நூறு காலடி வைத்தால் சுமாரான வேக நடை. பதினைந்து நிமிடத்துக்கு 1500 காலடி. அதாவது 23 சுற்று. எண்ணிக்கை தவறிப் போகிறது என்று, ஒரு தூணடியில் 23 புளியங்கொட்டையை வைத்துவிடுவேன். சுற்றுக்கு ஒன்றாக எடுத்து எதிர்த் தூணடியில் போடுவேன். ஒவ்வொரு கொட்டைக்கும் குனிந்து நிமிர்வது தனிக் கணக்கு. பாதியில் திசையை மாற்றிக்கொள்வேன். ஒரே பக்கம் சுற்றினால் எனக்குத் தலை கிறுகிறுக்கும். மழைக்காலத்தில் மட்டும் கவனம். சாரல் பட்ட ஆத்தங்குடிக் கல் வழுக்கினால் பிடிமானம் கிடையாது.

இந்தச் சுற்றை எப்போது வைப்பது? இரவு சாப்பிட்டு முடித்த கையோடு. சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை, வேலை செய்கிற கால் தசைகள் உறிஞ்சிக்கொள்ளும். அந்த நேரத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு விலை அதிகம். முதல் வாரம் மெதுவாக நடங்கள். பிறகு, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்துக்கு வாருங்கள். மகளையும் மகனையும் கூட்டிக்கொள்ளுங்கள். புளியங்கொட்டைக் கணக்கு மகன் பொறுப்பு. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நாளைக்கு ஒரு மணி நேர ஓட்டமும் ஆட்டமும் வேண்டும். அதில் ஒரு பங்காவது இதில் கழியும்.

மாலையில் பஸ்ஸை விட்டு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, பத்து நிமிடம் வேகமாக வீட்டுக்கு நடங்கள். இரவு 15 நிமிடம் ஏழு நாளைக்கு 105. மாலை 10 நிமிடம் ஐந்து நாளைக்கு 50. மொத்தம் 155. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது. அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. துண்டு துண்டாகச் செய்தாலும் கணக்கில் சேரும். ஜிம்முக்குப் போய் வருகிற நேரம்கூட இதில் செலவாகவில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும். கையை ஊன்றாமல் திண்ணையில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரில் கை வைத்துச் சாய்ந்து தள்ளுவது பத்து முறை. இட்லி வேகிற நேரம் போதும்.

இனிச் சாப்பாடு. உங்கள் பிரச்சினை ஓட்ஸ் இல்லாதது அல்ல. ஒன்பதரைக்கு மேல் இலை போடுவதுதான். உண்மையைச் சொல்லுங்கள்: ஏழரைக்குப் பிள்ளைகளுக்கு ஊட்டும்போது அவர்கள் மிச்சம் வைத்த ஒன்றரை இட்லி யார் வயிற்றுக்குள் போகிறது? பிறகு ஒன்பதரைக்கு அவருடன் மறுபடி நான்கு. நானும் பள்ளிக்கூட வேலைக்குப் பஸ்ஸில் போய்வந்தவள்தான். என் தட்டில் இரண்டு தோசைதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பிள்ளைகள் தட்டிலிருந்து வழித்துத் தின்றது எந்தக் கணக்கிலும் வரவில்லை. 52 வயதில் எனக்குச் சர்க்கரை வந்தபோதுதான் அதையும் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். ஏழரைக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, உங்கள் தட்டில் போட்டுச் சாப்பிட்டுவிடுங்கள். அவர் வந்ததும் ஒரு டம்ளர் மோரை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து பேசுங்கள். கூடவே சாப்பிட்டால்தான் அன்பு என்று எந்த ஆண்மகனாவது சொன்னால், கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வரட்டும்.

தனிச் சமையல் வேண்டவே வேண்டாம். வீட்டில் ஒரு பெண் மட்டும் பத்தியம் இருந்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது. ஐந்து பேருக்கும் ஒரே பானைதான். பானைக்குள் இருப்பதன் அளவைத்தான் மாற்ற வேண்டும். செட்டிநாட்டுச் சமையல் என்றால் மிளகும் எண்ணெயும் மிதக்கும் கோழிக்குழம்பு என்று வெளியூர் உணவகங்கள் உலகத்தை நம்ப வைத்திருக்கின்றன. நம் வீட்டு அடுப்படிக்கு அது தெரியும், அது மட்டும்தானா தெரியும்? இட்லிக்குத் தேங்காய்ச் சட்டினிக்குப் பதில் கத்தரிக்காய் கோசமல்லி வையுங்கள். கத்தரிக்காயை வேகவைத்து மசித்துப் புளி கரைத்து விடுகிற வேலைதான். ஐந்து இட்லி சாப்பிடுகிற இடத்தில் மூன்று இட்லியும் ஒரு கிண்ணம் காயும் ஆகிவிடும். அரிசி கழுவிய தண்ணீரில் வெண்டைக்காய் மண்டி, வாரத்தில் ஒருநாள் வாழைப்பூக் கூட்டு, பிரண்டைத் துவையல் எல்லாமே நம் ஆயாக்கள் செய்ததுதான். காயும் பழமுமாக ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் வேண்டும் என்பார்கள். காலையிலேயே காய் தட்டுக்கு வந்துவிட்டால்தான் அந்த அளவு எட்டும்.

கவுனி அரிசி நல்லதாமே என்று அடுத்த கடிதம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். நல்லதுதான், நார்ச்சத்து உண்டு. ஆனால் நாம் அதைச் சீனியும் தேங்காயும் நெய்யும் போட்டுத்தானே கிண்டுகிறோம்?

வங்கிக்குக் கொண்டுபோகிற டிபன் பாக்ஸில் பெரிய கிண்ணத்தில் சோறும் சின்னக் கிண்ணத்தில் பொரியலும் போகும் என்று நினைக்கிறேன். நாளை முதல் இடம் மாற்றிப் போடுங்கள். பெரியதில் பொரியலும் சுண்டலும், சின்னதில் சோறு. ஞாயிற்றுக்கிழமை அடை மாவு ஆட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் செவ்வாய் வரை இரவுக்கு ஆகும். அரிசிக்குச் சமமாகப் பருப்பு போட்டு ஆட்டுங்கள். கொண்டைக்கடலையையும் பாசிப்பயறையும் அன்றே ஊறவைத்து வேகவைத்துப் பகுதி பகுதியாக எடுத்து உறையவைத்துவிடலாம்.

வங்கியில் எத்தனை டீ என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டிரண்டு கரண்டிச் சீனி என்றால் சுமார் 25 கிராம். நாள் முழுவதற்கும் அதற்குள் நிறுத்திக்கொள்வதுதான் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயிலேயே அது தீர்ந்துவிடுகிறது.

எண்ணெய்க்கு ஒரு வழி சொல்கிறேன். நாளைக்கு ஆளுக்கு 25 கிராம் என்று தாராளமாகவே வைத்தாலும், ஐந்து பேருக்கு மாதம் நான்கு லிட்டர்தான் வரும். நீங்கள் ஏழு ஊற்றுகிறீர்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று தேதியை அதன்மேல் பேனாவால் எழுதுங்கள். இப்போது நான்கு நாளில் தீர்கிறது. ஐந்து நாள் வரட்டும், அடுத்த மாதம் ஆறு, பிறகு ஏழு. யாரையும் திட்ட வேண்டியதில்லை, பாக்கெட்டே பேசும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

தேன்குழலும் சீப்புச்சீடையும் மாவுருண்டையும் இருக்கிற சம்படம் இப்போது எங்கே இருக்கிறது? அடுப்படி மேடையில், கை எட்டும் உயரத்தில்தானே? அதைப் பரணில் ஏற்றுங்கள். விருந்தாளி வந்தாலோ ஞாயிற்றுக்கிழமையோ இறங்கட்டும். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் வேகவைத்த நிலக்கடலையோ கொய்யாவோ இருக்கட்டும். இதற்கு உங்கள் மாமியாரின் துணை வேண்டும். பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று சொன்னால் அவருக்கு மனம் சுருங்கும். "எனக்குச் சர்க்கரை வரப் பார்க்கிறது, கண்ணில் பட்டால் எடுத்துத் தின்றுவிடுகிறேன், நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்" என்று அவரிடமே பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். பரண் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்தானே வீட்டில் செல்லும்!

கல்யாண வீடுகளுக்குப் பயப்பட வேண்டாம். முதலில் கூட்டையும் பச்சடியையும் முடித்துவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள், இரண்டாம் முறை பரிமாற வரும்போது இலைக்கு மேல் கையை மறித்துக்கொள்ளுங்கள். அன்று போனது அன்றோடு போகட்டும்.

கடைசியாக உங்கள் கணவர். கடைக்காரர் என்பதால் காலையில் அவருக்கு உங்களைவிட அவகாசம் இருக்கும் என்று நினைக்கிறேன். டிபன் பாக்ஸ்களை நிரப்பி மூடுவதும், மகனை வேனில் ஏற்றுவதும் அவர் வேலையாக இருக்கட்டும். இரவு அவர் சாப்பிட்ட பாத்திரத்தை அவரே ஒழித்துப் போட்டால் நீங்கள் பத்தரைக்குப் படுக்கலாம். அரை மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும். கேட்கத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கல்லாப்பெட்டியில் போட்டுவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். ட்ரெட்மில்லை விற்பதாக இருந்தால், அதற்கு முன் இரண்டாங்கட்டில் நல்ல கொடியாக ஒன்று கட்டிவிடுங்கள். துணி காய வேண்டுமே.