விரல் ரேகை பார்த்து மகளின் சுபாவத்தை மாற்ற முடியுமா?

கேள்வி: என் ஒரே மகளுக்கு 16 வயது. ஓ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறாள். ஆட்கள் வந்தால் "வாங்கோ" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். படம் கீறுவாள், வாசிப்பாள். இரண்டு சிநேகிதிகளோடு மட்டும் மணிக்கணக்கில் கதைப்பாள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். நகரில் ஒரு நிலையத்தில் பத்து விரல் ரேகையையும் பதிந்து, 'இன்ட்ரோவேட்' என்று அறிக்கை தந்தார்கள். 40 வகுப்பில் மாற்றித் தருவார்களாம், 65,000 ரூபா. கனடாவில் இருக்கும் கணவர் கட்டச் சொல்கிறார். கட்டட்டுமா? (கொக்குவில் வாசகி)

பதில்: கட்டாதீர்கள் அம்மா. முற்பணம் கொடுத்திருந்தால், பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்த் திருப்பிக் கேளுங்கள்.

அந்த நிலையத்தின் கணக்கையே எடுத்துப் பாருங்கள். விரல் ரேகை பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, சாகும்வரை மாறாமல் இருப்பது. உங்கள் மகளின் சுபாவம் அந்த ரேகையில்தான் எழுதியிருக்கிறது என்றால், 40 வகுப்பில் அதை எப்படி மாற்றுவார்கள்? மாற்ற முடியும் என்றால் ரேகை எதற்கு? விரலைப் பார்த்து ஆளுமையைச் சொல்லலாம் என்பதற்கு உளவியலில் ஆதாரம் கிடையாது. எங்கள் அப்பு ஆச்சிமார் சாத்திரியிடம் போனார்கள். அவர் வெற்றிலை பாக்கோடு ஏதோ தட்சணைதான் வாங்கினார். இவர்கள் வர்ண அறிக்கை அடித்துக் கொடுத்து 65,000 கேட்கிறார்கள். ஓ.எல். முடிந்து ஏ.எல். தொடங்கும்வரை பிள்ளைகள் வீட்டில் நிற்கும் இந்த இடைவெளிதான் இவர்களுக்கு அறுவடைக் காலம். மதில் முழுக்க நோட்டீஸ். வெளிநாட்டுக் காசு வரும் வீடு என்று தெரிந்தால் கட்டணமும் ஏறும். என்னிடம் வரும் பெற்றோரில் பலர் இப்படிக் காசை இழந்த பிறகே வருகிறார்கள்.

சரி, அவர்கள் எழுதிய இந்த 'இன்ட்ரோவேட்', தமிழில் அகமுகி, என்றால் என்ன? கார்ல் யுங் என்ற சுவிஸ் மனநல மருத்துவர் 1921இல் எழுதிய நூலில்தான் அகமுகி (மனம் உள்ளே சாய்பவர்), புறமுகி (வெளியே சாய்பவர்) என்ற பிரிவு பிரபலமானது. அவர் சொன்னது நோயை அல்ல, மனம் இயல்பாகச் சாயும் பக்கத்தை. பிறகு வந்த ஆய்வாளர்கள் இதை இரண்டு பெட்டியாகப் பார்ப்பதில்லை. உயரம் மாதிரி: மிக நெட்டையும் மிகக் குட்டையும் கொஞ்சப் பேர், மற்ற எல்லாரும் நடுவில். இதில் பரம்பரைக்கும் நல்ல பங்கு உண்டு. கனடாவில் இருப்பவரிடம் அவருடைய 16 வயதைப் பற்றி ஒருக்கால் விசாரித்துப் பாருங்கள்.

நல்லூர்த் தேருக்குப் போய்வந்த இரண்டு பேரை நினையுங்கள். ஒருவர் சனத்தைக் கண்ட உசாரில் பின்னேரமும் வெளிக்கிட நிற்பார். மற்றவர் வீட்டுக்கு வந்து, கிணற்றுக்கட்டில் தனியே குந்தியிருந்தால்தான் தலை தெளியும். இருவரும் தேர் பார்த்தவர்கள்தான், இருவருக்கும் பக்தியும் இருக்கிறது. சனக்கூட்டம் ஒருவருக்கு உசாரைக் கொடுக்கிறது, மற்றவரிடம் இருந்ததையும் எடுத்துவிடுகிறது. உங்கள் மகள் இரண்டாவது ரகம். மணிக்கணக்கில் கதைக்க இரண்டு சிநேகிதிகள் இருக்கும் பிள்ளைக்குக் கதைக்கத் தெரியாது என்று யார் சொன்னது?

பயம் வேறு விடயம். போக ஆசை இருந்தும், "என்ன நினைப்பார்களோ" என்று நெஞ்சு படபடத்துப் பல மாதமாக ஒதுங்கி நிற்பது சமூகப் பதகளிப்பு. அதற்குச் சிகிச்சை இருக்கிறது, பலருக்குக் குணமும் கிடைக்கும். மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போகாமல் விட்டது உனக்கு நிம்மதியா, கவலையா?"

உங்கள் மகளுக்குப் பொருந்தாவிட்டாலும், இதை வாசிக்கும் மற்றப் பெற்றோருக்காக ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். நான் மேலே எழுதியதெல்லாம் சின்ன வயதிலிருந்தே அமைதியான பிள்ளைக்கு. நேற்றுவரை வாய் ஓயாமல் கதைத்த பிள்ளை திடீரென்று அடங்கிப்போனால் அது அகமுகம் அல்ல. திரும்பவும் சொல்கிறேன், அல்ல. சுபாவம் ஒரு மாதத்தில் தலைகீழாகாது. விருப்பமான ரியூசனுக்குப் போக மறுக்கிறாளா, சாப்பாடு குறைந்துவிட்டதா, நித்திரை இல்லையா, குறிப்பிட்ட ஒரு ஆளின் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறதா, போன் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறாளா என்று கவனியுங்கள். மனச்சோர்வாக இருக்கலாம். யாராவது மிரட்டலாம், தொடக்கூடாத இடத்தில் தொட்டிருக்கலாம். "குமர்ப்பிள்ளைதானே, அடக்கம் வந்துவிட்டது" என்று சந்தோசப்பட்ட ஒரு தாயை எனக்குத் தெரியும். அந்தச் சந்தோசத்தில் எட்டு மாதம் வீணானது. இப்படியான பிள்ளையைக் காலம் தாழ்த்தாமல் யாழ். போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

பாடசாலையில் ஆலோசனை ஆசிரியர் இருப்பாரே என்பீர்கள். இருப்பார், கடதாசியில். நான் போன ஒரு பாடசாலையில் ஆலோசனை அறைக்குள் பழைய மேசை கதிரை அடுக்கியிருந்தது. ஆசிரியரோ வராத ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைக் குறை சொல்லி என்ன? தேர்ச்சி அறிக்கையில் மட்டும் தவணைக்குத் தவணை "அமைதியானவர், முன்வர வேண்டும்" என்று எழுதத் தெரியும். எங்கே முன்வருவது, யார் இடம் விட்டார்கள்? நல்ல கட்டுரை எழுதும் பிள்ளையை மேடையில் ஏறிப் பேசவில்லை என்பதற்காகப் பின்வாங்கில் வைக்கிற முறை இது.

நேர்முகத் தேர்வில் நாலு வார்த்தை பேசப் பழகவேண்டும் என்பது நியாயம். அது பழக்கம், நீச்சல் மாதிரி, யாரும் பழகலாம். கடையில் மாறிக் கொடுத்த சாமானைத் திருப்பிக் கொடுக்க, வங்கியில் விபரம் கேட்க அவளைத் தனியே விடுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு அவளுக்காகக் கதைக்காதீர்கள். இதற்கு ஒரு சதமும் தேவையில்லை.

அடுத்த கலியாண வீட்டில் பன்னீர்ச்செம்போடு வாசலில் நிற்கச் சொல்லி நெருக்காதீர்கள். படம் கீறுகிறவள்தானே, கோலத்தை அவளிடம் விடுங்கள். "பிள்ளை ஏன் கதைக்கிறாளில்லை?" என்று மாமி கேட்டால், அவள் முன்னால் "கூச்சம்" என்று சொல்லாமல், கோலத்தைக் காட்டுங்கள்.