அந்தப் பிள்ளை எதற்காக அழுதாள்?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 27. ஒரு தொண்டு நிறுவனத்தின் உதவியோடு முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்வந்து, போருக்குப் பிறகு பிறந்து வளரும் பிள்ளைகளைப் படம் எடுத்தேன். கொழும்பில் கண்காட்சி வைக்கப் போகிறேன். 10 வயதுச் சிறுமி ஒருத்தி, தகப்பனின் செயற்கைக் காலை மடியில் வைத்துத் துடைத்தபடி அழுகிற படம்தான் திறமானது என்கிறார் கலரிக்காரர். அழைப்பிதழிலும் அதையே போடச் சொல்கிறார். உண்மையில், தம்பிக்காரன் கலர்ப் பென்சிலை முறித்துவிட்டான் என்றுதான் அவள் அப்போது அழுதாள். ஆனால் படக்குறிப்பில் நான் பொய் எதுவும் எழுதவில்லை. தகப்பன் சம்மதப் படிவத்தில் கையெழுத்தும் வைத்திருக்கிறார். போன கிழமை தாய் கோல் எடுத்து, "படம் எங்கெல்லாம் வரும் தம்பி?" என்று கேட்டார். அதிலிருந்து மனம் சரியில்லை. போடலாமா?
– பெயர் வேண்டாம், கொழும்பு 6

பதில்:

போட வேண்டாம் தம்பி. அழைப்பிதழிலும் வேண்டாம், சுவரிலும் வேண்டாம்.

பென்சில் கதையை என்னிடம் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படக்குறிப்பில் எழுதவில்லையே, ஏன்? எழுதினால் படத்தின் கனம் போய்விடும் என்று உங்களுக்கே தெரியும். படத்தைப் பார்க்கிறவர் முதலில் காலைப் பார்ப்பார், பிறகு கண்ணீரைப் பார்ப்பார், இரண்டையும் தானே முடிச்சுப் போட்டுக்கொள்வார். நீங்கள் ஒரு வரி பொய் எழுதத் தேவையில்லை, அந்தப் பொய் பார்க்கிறவரின் மனதில் தானாகவே உருவாகிவிடும். அப்பாவின் காலைத் துடைப்பது அந்தப் பிள்ளைக்குத் தினசரி வேலையாக இருக்கலாம், அவள் அதை விருப்பத்தோடும் செய்யலாம். உங்கள் படம் அதை அவளுடைய துயரமாக மாற்றிவிடுகிறது.

1948இல் டேவிட் சீமோர் என்ற படப்பிடிப்பாளர், ஐ.நா.வின் சிறுவர் அமைப்பான யுனிசெஃபுக்காக ஐரோப்பாவின் போர்க்காலப் பிள்ளைகளைப் படம் எடுக்கப் போனார். வார்சோ நகரில், மனம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பராமரித்த ஓரிடத்தில், தன் வீட்டை வரையச் சொன்னபோது கரும்பலகை முழுக்கச் சுழல் சுழலாகக் கிறுக்கிய தெரேஸ்கா என்ற சிறுமியை எடுத்தார். உலகம் முழுக்கப் போன படம் அது. வதைமுகாமில் வளர்ந்த பிள்ளை என்று அதன் கீழே பல இடங்களில் எழுதினார்கள். அவள் உண்மையில் யார் என்று ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடிக்க ஏறக்குறைய 70 வருடங்கள் பிடித்தன. வதைமுகாம் கதை சரியில்லை, வார்சோவில் நடந்த தாக்குதலில் குண்டுச் சிதறல் பட்டுக் காயமடைந்த பிள்ளை அவள் என்று தெரியவந்தபோது அவள் உயிரோடு இல்லை. சீமோர் அக்கறையோடு வேலை செய்த மனிதர், அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கண்ணைக் கலங்க வைக்கிற படத்தின் மேல் சனம் தங்களுக்குத் தெரிந்த கதையை ஏற்றிவிடும், பிறகு அதை இறக்குவது பெரும்பாடு. உங்கள் கையில் இருக்கிற படத்துக்கும் அது நடக்கும்.

அடுத்தது அந்தக் கையெழுத்து. உங்களை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனது ஒரு தொண்டு நிறுவனம். அந்த வீட்டுக்கு உதவி கொடுப்பதும் அவர்கள்தானே? அப்படியானால் அந்த மனிதர் 'மாட்டேன்' என்று எப்படிச் சொல்வார்? 2009இல் போர் முடிந்த பிறகு வன்னிச் சனம் நிரப்பிய படிவங்களுக்கும் நின்று கொடுத்த படங்களுக்கும் கணக்கில்லை. அரிசிப் பையோடு ஒரு படம், தையல் மெஷினோடு ஒரு படம், கோழிக்கூட்டோடு ஒரு படம். யார் வந்து கேட்டாலும் கையெழுத்து வைத்துப் பழகிப்போன கை அது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

தாய் கேட்டதை நான் ஒரு மறுப்பாகத்தான் எடுக்கிறேன். எங்கள் பக்கத்து அம்மாமார் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்லமாட்டார்கள், இப்படித்தான் கேட்பார்கள்.

பிள்ளையிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஐ.நா.வின் சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்று அதன் 12ஆம் உறுப்புரை சொல்கிறது, 16ஆம் உறுப்புரை அவளுடைய அந்தரங்கத்தைக் காக்கிறது. சட்டத்தை விடுங்கள். இன்னும் ஐந்தாறு வருடத்தில் அவள் ஓ/எல் பரீட்சை எழுதுவாள், கையில் போன் இருக்கும், வகுப்புப் பிள்ளைகள் யாராவது அந்தப் படத்தைத் தேடி எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஆப்கான் சிறுமி ஷர்பத் குலாவின் முகம் 1985இல் நெஷனல் ஜியோகிரபிக் அட்டையில் வந்து உலகப் புகழ் பெற்றது. 2002இல் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அந்த முகத்துக்கு உரியவரின் பெயர்கூட வாசகர்களுக்குத் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவர் தன்னைப் படம் எடுத்தபோது கோபம் வந்தது அவருக்கு அப்போதும் நினைவிருந்தது.

இன்னொன்று. உங்கள் படத்தில் அவள் பாடசாலைச் சீருடையில் இருக்கிறாள், டை தெளிவாகத் தெரிகிறது. இந்த நாட்டில் டையைப் பார்த்தே பாடசாலையைச் சொல்லிவிடலாம், பாடசாலை தெரிந்தால் வீட்டைக் கண்டுபிடிப்பது ஒரு வேலையே இல்லை. அந்தக் கால் எப்படிப் போனது என்ற கேள்வி தகப்பனைத் தேடி வரும். அதற்கு அவர் யாருக்கு, எப்போது பதில் சொல்வது என்பதை அவர்தான் முடிவெடுக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளின் படங்களிலும் இதைப் பாருங்கள். டை, பட்ஜ், வீட்டு இலக்கம், ஊர்ப் பெயர் எதுவும் வேண்டாம். கோப்புகளை யாருக்காவது அனுப்பமுதல் அவற்றில் பதிந்திருக்கும் இடக்குறிப்பையும் அழித்துவிடுங்கள்.

சரி, அப்போ எதைப் போடுவது? கடிதத்தோடு அனுப்பிய மற்றப் படங்களையும் பார்த்தேன். தகப்பனின் சைக்கிள் திருத்தும் கடையில் எடுத்த ஒன்று இருக்கிறது. அவர் சாக்கில் உட்கார்ந்து சில்லைக் கழற்றுகிறார், மகள் பக்கத்தில் நின்று ஸ்பானரை நீட்டுகிறாள், செயற்கைக் கால் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. 'சாதாரணமாகப் போய்விட்டது' என்று அதன் பின்னால் எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. போர் அதில் இருக்கிறது, அந்த மனிதரின் உழைப்பு இருக்கிறது, எந்தச் சாவி எந்த நட்டுக்குச் சரி என்று தெரிந்த ஒரு பிள்ளை இருக்கிறாள். யாரும் பரிதாபம் கேட்டு நிற்கவில்லை. நான் அந்த இடத்தில் நெடுநேரம் நின்று பார்ப்பேன், மற்றவர்களும் பார்ப்பார்கள் என்றே நம்புகிறேன்.

ஆனால் அதையும் அச்சடித்து அவர்கள் கையில் கொடுங்கள். நிறுவனத்து ஆட்கள் இல்லாமல் தனியாகப் போங்கள். கலரி என்றால் என்ன, யார் வருவார்கள், பேஸ்புக்கில் வருமா, பத்திரிகையில் வருமா, விற்பனைக்கு வைப்பீர்களா, விற்றால் அவர்களுக்கு என்ன பங்கு எல்லாவற்றையும் தமிழில், ஆறுதலாக இருந்து கதையுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். முடிந்தால் கொழும்பில் திறக்கமுதல் அந்த ஊர் சனசமூக நிலையத்தில் ஒரு நாள் எல்லாப் படங்களையும் மாட்டி வையுங்கள். அங்கே வைக்கக் கூச்சப்படுகிற படம் எது என்று அப்போது உங்களுக்கே விளங்கும்.

கலரிக்காரர் கோபிக்கலாம். பென்சில் கதையை அவரிடமும் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் அந்தப் படம்தான் வேண்டும் என்று அவர் நின்றால், வேறு மண்டபம் தேடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் அந்தத் தாய்க்கு இன்றைக்கே ஒரு கோல் எடுத்து, மகள் அழுகிற படம் எங்கேயும் வராது என்று சொல்லிவிடுங்கள்.