பாயிண்ட் டேபிளை எப்போது நம்பலாம்? கால்பந்து கேள்வி பதில்

கோத்தகிரியில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். சீசன் நடுவில் டீம்கள் ஏறுவதும் இறங்குவதும் ஏன் என்று மலையின் நாலு பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கூடலூர்: அண்ணா, 2019-20 இந்தியன் சூப்பர் லீகில் கோச் ஜான் கிரிகரி போய் ஓவன் காய்ல் வந்ததும் சென்னையின் எஃப்சி ஃபைனல் வரை போனது. கோச்சை மாற்றினால் டீம் மாறிவிடும் என்பது உண்மைதானே?

பாதி உண்மை. அந்த சீசனில் முதல் நாலு மேட்சில் நம்மாட்கள் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. நவம்பர் கடைசியில் கிரிகரி விலகினார். காய்ல் வந்து டீமை முன்னால் ஏறி ஆட வைத்தார். லீகில் நாலாவது இடம், அரையிறுதியில் இரண்டு மேட்சும் சேர்த்து கோவாவை 6-5 என்று தாண்டி, ஃபைனலில் கொல்கத்தா டீம் ஏடிகேயிடம் 3-1 தோல்வி.

ஆனால் 15 கோல் அடித்து, அதிக கோலுக்கான கோல்டன் பூட் பரிசை வாங்கிய வால்ஸ்கிஸும், நடுவில் ஆட்டத்தை நடத்திய கிரிவெல்லாரோவும் கிரிகரி இருக்கும்போதே வந்தவர்கள். நாலு மேட்சில் கோல் அடிக்காத டீம் 18 மேட்சும் அப்படியே கிடக்காது. கோச்சை எப்போது மாற்றுகிறார்கள்? நிலைமை படுமோசமாக இருக்கும்போதுதான். அதற்குக் கீழே போக இடமில்லை, யார் வந்தாலும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றம் மொத்தமும் புதியவர் கணக்கில் போய்விடுகிறது. காய்லுக்கு நான் நல்ல மார்க்கே போடுவேன், ஆடிய விதமே மாறியது. மற்ற பல கோச்களுக்கு அவ்வளவு கிடைக்காது.

குன்னூர்: எத்தனை மேட்ச் முடிந்தபின் டேபிளை நம்பலாம் சார்?

இத்தாலி கிளப் யுவென்டஸின் 2015-16 சீசனைப் பாருங்கள். முக்கிய ஆட்கள் பிர்லோ, விடால், டெவெஸ் மூன்று பேரும் அந்தக் கோடையில் போய்விட்டார்கள். 10 மேட்சில் வெறும் 12 பாயிண்ட். கோச் அலெக்ரியை அனுப்பச் சொல்லிக் கூச்சல். கிளப் அசையவில்லை. மிச்சம் 28 மேட்சில் 26 வெற்றி, 91 பாயிண்ட், சாம்பியன். டிபாலா, கெதீரா போன்ற புது ஆட்கள் ஒன்றுசேர அந்த நேரம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் டேபிள் காட்டுவது பெரும்பாலும் யார் யாரோடு ஆடினார்கள் என்பதைத்தான். 38 மேட்ச் லீகில் 19 முடிந்தால் எல்லோரும் எல்லோரையும் ஒரு தடவை சந்தித்திருப்பார்கள். நான் அப்போதுதான் நிமிர்ந்து பார்ப்பேன். அதுவரை ஸ்கோரை விட்டுவிட்டு, எத்தனை நல்ல வாய்ப்பு உருவாக்கினார்கள், எத்தனை விட்டுக்கொடுத்தார்கள் என்று எண்ணுங்கள். வாய்ப்புகளை அள்ளிக் குவித்தும் தோற்கிற டீம் மேலே வரும். கோல்கீப்பர் புண்ணியத்தில் 1-0, 1-0 என்று தப்பிக்கிற டீமின் சாயம் ஜனவரிக்குள் வெளுத்துவிடும்.

வெலிங்டன், கல்லூரி மாணவி: 2022-23 இங்கிலாந்து பிரீமியர் லீகில் ஆர்சனல் 248 நாள் முதலிடத்தில் இருந்தும் கோப்பையை விட்டது. பயந்துவிட்டார்களா அண்ணா?

டிவியில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. மார்ச்சில் போர்ச்சுகல் கிளப் ஸ்போர்ட்டிங்கோடு ஆடிய மேட்சில், ஆர்சனலின் டிஃபென்ஸ் நடுவில் நிற்கும் சலிபாவுக்கு அடிபட்டது, அதோடு அவர் சீசன் முடிந்தது. ஸ்டிரைக்கர் இல்லையென்றால் எல்லோருக்கும் தெரியும். டிஃபென்ஸ் நடுவில் வேகமான ஆள் இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் ஓடிப் பிடிக்க ஆளில்லை என்று பின்வரிசை கொஞ்சம் இறங்கி நிற்கும், அதற்கும் மிட்ஃபீல்டுக்கும் நடுவே இடம் விழும், பந்தைத் திரும்பப் பறிக்க நேரமாகும். ஏப்ரலில் என்ன நடந்தது? லிவர்பூல், வெஸ்ட் ஹாம் இரண்டு பேரோடும் 2-0 முன்னிலையிலிருந்து 2-2, கடைசி இடத்தில் கிடந்த சவுத்தாம்ப்டனோடு 3-3, அப்புறம் மான்செஸ்டர் சிட்டியிடம் 4-1 உதை.

இன்னொன்று, எதிரில் இருந்தது சிட்டி. தொடர்ந்து 12 லீக் மேட்ச் ஜெயித்தார்கள். முடிவில் சிட்டி 89 பாயிண்ட், ஆர்சனல் 84. பயமும் கொஞ்சம் இருந்திருக்கலாம்மா, ஆனால் பெஞ்சில் சரியான மாற்று ஆள் இருந்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

ஊட்டி: கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துக்கு இறங்கிப்போய் சென்னை சிட்டி மேட்ச் பார்த்தவன் நான். 2018-19ல் ஐ-லீக் என்ற தேசிய லீகில் சாம்பியன், அடுத்த சீசனில் அந்த வேகமே இல்லையே?

நல்ல ஆட்களைச் சின்ன கிளப்பால் பிடித்துவைக்க முடியாது. அந்தக் கோப்பையே 43க்கு 42 என்று ஈஸ்ட் பெங்காலை ஒரே பாயிண்டில் முந்தி வாங்கியது. அந்த சீசனில் 21 கோல் ஸ்டிரைக்கர் பெட்ரோ மான்சியுடையது. 2020 ஜனவரியில் அவர் ஜப்பான் போய்விட்டார். சீசன் நடுவில் அப்படி ஒரு ஆளுக்கு ஈடு எங்கே தேடுவது? மலைக்காரர்களுக்குப் பிடித்த மிசோரம் டீம் ஐஸ்வாலும் ஒரே சீசனில் தலைகீழாக மாறியது, ஆனால் கீழிருந்து மேலே. 2015-16ல் கீழ் டிவிஷனுக்கு இறங்கவேண்டிய டீம், கோவா கிளப்கள் விலகியதால் மறுபடி சேர்க்கப்பட்டு, அடுத்த சீசனில் மோகன் பகானை ஒரு பாயிண்டில் முந்திக் கோப்பையைத் தூக்கியது.

அருவங்காடு: பிரீமியர் லீகில் 40 பாயிண்ட் எடுத்தால் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பித்துவிடலாமா?

பெரும்பாலும் அதற்குக் குறைவாகவே போதும். ஆனால் 2002-03ல் வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் இறங்கியது.